எதிர்வீட்டுக் கேமராவும் கண்ணாடிக்காரரின் ஆட்சேபணையும்

ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவர், தன் வீட்டு வாசலை மட்டும் யாரும் பார்க்கக் கூடாது என்று நகராட்சிக்கு எழுதிக் கொடுத்தார். கண்ணாடிக்காரரைப் பற்றித் தெருவில் யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு இந்த இடத்தில் வந்துதான் நிற்கும்.

அவருடைய மூக்குக் கண்ணாடிக் கடை எட்டடி அகலம். தெரு வளைவைத் தாண்டி மூன்றாவது கதவு. பத்தொன்பது வயதில் லென்ஸ் தேய்க்கக் கற்றுக்கொண்டவர், எழுபதைத் தாண்டியும் அதே முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். வந்தவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்பத் தெளிவா, முன்னத் தெளிவா?" என்பார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று யாராவது சொல்லிவிட்டால், "அப்ப கோளாறு கண்ணுல இல்ல" என்று எழுப்பி அனுப்பிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு இன்னொரு வேலை. எதிரே வருவது தெரியட்டும் என்று, வண்டிக்காரர்களுக்காக வளைவில் ஓர் உருண்டைக் கண்ணாடி நட்டிருந்தார்கள். கம்பில் துணியைக் கட்டி அதைத் துடைப்பார். நகராட்சி வேலையை நீங்கள் ஏன் இழுத்துப்போட்டுக்கொள்கிறீர்கள் என்று கேட்டால், "அழுக்குக் கண்ணாடியப் பாத்தா கை சும்மா இருக்காதுங்க" என்பார். தொழில் புத்தி என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

காலை ஒன்பதே காலுக்குக் கடைக்குக் கிளம்புவார். அவர் மனைவி சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் வளைவில் மறையும்வரை வாசலில் நிற்பார். அறுபத்துச் சொச்சம் அடி நடை. ஒரு நாளும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த அம்மாவுக்கு இதில் தீராத மனக்குறை.

"முப்பத்தஞ்சு வருஷமா நானும் மரம் மாதிரி நிக்கிறேன். ஒரு நாள் திரும்பிப் பாத்திருப்பாரா உங்கப்பா?" என்று மகளிடம் புலம்புவார்.

"நான் போறது முன்னால. பின்னால என்னத்தப் பாக்கறது?" என்பார் கண்ணாடிக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

இப்படியிருக்க, எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரின் சைக்கிள் திருட்டுப் போயிற்று. சைக்கிள் என்னவோ பழசுதான். ஆனால் அவர் திருட்டு அலாரம் ஒன்றும் கேமரா ஒன்றும் சேர்த்தே வாங்கிவந்தார். இரண்டுக்கும் நகராட்சி அனுமதி வேண்டும். அலாரத்துக்கு அக்கம்பக்கத்தார் கையெழுத்து. கேமராவில் எந்த வீட்டு வாசல் தெரிகிறதோ அந்த வீட்டாருக்கு ஒரு நோட்டீஸ். அவர்கள் பதினைந்து நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். காரணத்தை எழுதி, கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். அலுவலகத்தைத் தவிர யாரும் அதைப் பார்க்க முடியாது.

அலாரப் படிவத்தில் கண்ணாடிக்காரர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கேமரா நோட்டீஸை இரண்டு தடவை படித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, உங்க வாசலுக்கும் சேத்துத்தானே பாதுகாப்பு?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"என் வாசல்ல திருட என்ன இருக்கு?"

"அலாரம் தெருவையே எழுப்பும், அதுக்குச் சரின்னுட்டீங்க. இது பாவம், வாயே திறக்காது."

"அதான் பயமாயிருக்கு. அலாரம் கத்திட்டு மறந்துடும். இது பாத்துட்டு வச்சுக்கும்."

ஆட்சேபணை ஏற்கப்பட்டது. எதிர்வீட்டுத் திரையில் தெரு முழுக்கத் தெரிந்தது; கண்ணாடிக்காரர் வாசல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கட்டம். காலையில் அந்தக் கட்டத்திலிருந்து ஒரு மனிதர் பிறந்து வந்து, சாயங்காலம் அதிலேயே கரைந்துபோவார். தெருவுக்குக் கற்பனை ஓடியது. கடன்காரர்களுக்கு ஒளிகிறார் என்றார்கள். தலையில் இருப்பது விக் என்றும் ஒரு கட்சி. மருந்துக்கடைக்காரர் மனைவி இரண்டு வருடம் இந்த அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அப்படி என்னதான் எழுதிக் குடுத்தீங்க?"

"சொல்லக் கூடாது. சட்டம்."

"பொண்டாட்டிகிட்டகூடவா?"

"பொண்டாட்டிகிட்டதான் முக்கியமா."

அனுமதிக்கு ஆயுள் ஐந்து வருடம். அது முடிவதற்கு எட்டு மாதம் முன்பு, ஒரு மதியம், யாருடைய கண்ணாடிச் சட்டத்துக்கோ திருகு முடுக்கிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்காரர் முக்காலியிலேயே போய்ச் சேர்ந்தார். புதுப்பிக்கும் நேரம் வந்ததும் அந்த அம்மாவுக்கு நோட்டீஸ் வந்தது: ஆட்சேபித்தவர் காலமாகிவிட்டதால், வாரிசு அதை வாபஸ் வாங்கலாம் அல்லது தொடரலாம்.

"வாபஸ் வாங்கிட்டு வாம்மா. நீ தனியா இருக்கே. வாசல்ல ஒரு கண்ணு இருந்தா நானும் இங்க நிம்மதியாத் தூங்குவேன்" என்றாள் மகள், போனில்.

மருந்துக்கடைக்காரரும் வந்து, "கட்டாயமில்லக்கா. ஆனா தனியா ஒருத்தர் இருக்கிற வீட்ட மட்டும் பாக்காத கேமராவ வச்சு நான் என்ன பண்ண?" என்றார்.

அந்த அம்மாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. கதவுக்கு முட்டுக்கொடுத்து நாற்காலி போட்டுப் படுக்கிறவர் அவர். வாபஸ் வாங்கத்தான் போனார்.

மூன்றாம் ஜன்னலில் இருந்த எழுத்தர் பெண் போட்டிருந்த கண்ணாடி அவர் வீட்டுக்காரர் செய்தது. பழைய கோப்பைத் தேடி எடுத்து, ஒரு தாளை இந்தப் பக்கம் நகர்த்தினாள். "படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடணும்மா, அது விதி." சொல்லிவிட்டு, காரணமில்லாமல் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

'ஐயா, மேற்படி கேமராவில் என் வீட்டு வாசல் தெரிகிறது. தினமும் காலை நான் கடைக்குப் போகையில் என் மனைவி அங்கே நிற்பார். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் வெட்கப்பட்டு உள்ளே போய்விடுவார் என்பது கல்யாணமான புதிதில் தெரிந்தது. வளைவில் உள்ள நகராட்சிக் கண்ணாடியில் அவர் கடுகளவு தெரிவார். எனக்கு அது போதும். இதை ஓர் இயந்திரம் பிடித்து முப்பது நாள் வைத்திருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பி.கு.: மேற்படி கண்ணாடியைத் துடைக்க ஆள் அனுப்ப வேண்டாம். நானே பார்த்துக்கொள்கிறேன்.'

அந்த அம்மா தாளை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

"திருட்டு மனுஷன்" என்றார் கடைசியில். பிறகு, "இத எத்தன பேர் படிச்சிருக்கீங்க?"

"நானும் கமிஷனரும்தாம்மா. அவர் ரெண்டு தடவ படிச்சார்."

படிவத்தில் இரண்டு கட்டங்கள்: வாபஸ், தொடர்தல். அந்த வாசலிலிருந்து இப்போது ஒன்பதே காலுக்கு யாரும் கிளம்புவதில்லை. மறைக்க ஒன்றுமே இல்லை. அவர் தொடர்தலில் குறி போட்டார்.

"அப்படின்னா காரணம் எழுதணும்மா."

'மேற்படி' என்று எழுதினார்.

"ஒரே வார்த்தையா? செல்லுமான்னு..." என்று இழுத்த எழுத்தர், கோப்பை ஒருதரம் பார்த்துவிட்டு, "இந்த ஃபைல்ல செல்லும்" என்று முத்திரையைக் குத்தினாள்.

"அலாரத்துக்கு ஒரு படிவம் குடும்மா" என்றார் அந்த அம்மா. "அது கத்திட்டு மறந்துடுமாம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில், வளைவில் நின்று அந்த உருண்டைக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார். எட்டு மாதத் தூசி. வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல், அந்தக் கம்பைத் தேடினார்.