டீசல் வாடை போன சட்டை

தெருவில் அவளுக்கு மூக்கக்கா என்று பேர். சலவைக்கடை வைத்திருந்தாள். துணியைக் கையில் வாங்கும்போதே எங்கே உட்கார்ந்தது, யார் பக்கத்தில் நின்றது என்று வாடையை வைத்தே சொல்லிவிடுவாள். ஒருமுறை வாய் தவறி, "உங்க வீட்டுக்காரர் சிகரெட்டை இன்னும் விடலையா?" என்று கேட்டுவிட, அந்த வீட்டில் ஒரு வாரம் சண்டை புகைந்தது.

அவள் புருஷன் டவுன் பஸ் டிரைவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சட்டையில் டீசல் வாடை. எந்த சோப்புக்கும் அசையாத அந்த வாடை திடீரென்று ஒருநாள் காணாமல் போனது. முதல் நாள் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரம் முழுக்கச் சட்டை அப்படியே வந்தது. காலரில்கூடக் கரி இல்லை.

"வேலைக்குத்தானே போறீங்க?"

"பின்னே, ஊர்வலமா போறேன்?" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அந்தச் சுவர்ப் பார்வைதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. வேலை போய்விட்டதா, இல்லை வேறெங்காவது பொழுது போகிறதா? நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"எங்க அண்ணனா? தண்ணியைக்கூட வடிகட்டிக் குடிக்கிற ஆளு, அண்ணி."

"பூனையும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் பால் குடிக்குது" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் கடை ஷட்டரை இறக்கிவிட்டு டிப்போவுக்கே போனாள். வாசலில் நின்ற காவலாளி, "அவரா? புது வண்டிக்கு மாத்திட்டாங்களே. பின்பக்கம் போங்க" என்றார். பின்பக்கம் தனியாக வேலி போட்டிருந்தது. புகை பிடிக்காதே, செல்போன் பேசாதே என்று வரிசையாகப் பலகைகள். உள்ளே ஒரு வெள்ளை பஸ்ஸின் கூரையில் தடித்த குழாயை மாட்டிக்கொண்டிருந்தார்கள். புருஷன் வண்டியின் பின்னால் குனிந்து, சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி நிமிர்ந்தார்.

"இது என்ன வண்டி?"

"ஹைட்ரஜன் வண்டி. மேல இருக்கற தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து கரண்டாகும். கரண்டுல மோட்டார் ஓடுது. மிச்சம் இந்தத் தண்ணிதான். புகையே கிடையாது."

"ஹைட்ரஜன்னா, குண்டு போடுவாங்களே, அதுவா?"

"இதுக்குத்தான் உன்கிட்ட சொல்லலை. அது வேற சமாச்சாரம். சூரியனே பெரும்பாலும் ஹைட்ரஜன்தான். நீ துணி அலசற தண்ணியிலயும் இருக்கு."

"சூரியன் தூரத்துல இருக்கு. இது உங்க தலைக்கு மேல இருக்கு. கசிஞ்சா?"

"காத்தைவிட லேசு. மேல போயிடும்."

"வாடை வருமா?"

"வராது. சமையல் காஸ் மாதிரி வாடை மருந்து கலந்தா கரண்டு தயாரிக்கற பாகத்துக்கு ஆகாதாம்."

"பத்திக்கிட்டா?"

"பகல்ல அந்தத் தீ சரியா கண்ணுக்குத் தெரியாது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வாடையும் கிடையாது, தீயும் தெரியாது. இப்படி ஒன்றை நம்பி மனுஷன் நாள் பூரா உட்கார்ந்திருக்கிறார் என்றால், ஒன்று அவருக்குப் பைத்தியம், இல்லை யாரோ அவரை ஏமாற்றுகிறார்கள். அவள் அதே பஸ்ஸின் அடுத்த நடையில் ஏறி, பின்கதவை ஒட்டி உட்கார்ந்தாள். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. திருட்டுத்தனமாகக் கிளம்புகிற மாதிரி இருந்தது.

பாலம் இறங்கியதும் டிரைவர் பக்கத்தில் ஏதோ கத்த ஆரம்பித்தது. அவர் ஓரங்கட்டி, ஒரு பொத்தானை அமுக்கினார். கதவுகள் திறந்தன. "எல்லாரும் இறங்கி அந்த மரம் வரைக்கும் போயிடுங்க. சிகரெட், லைட்டர் எதையும் எடுக்காதீங்க." அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற அதே குரல். கடைசி ஆள் இறங்கும்வரை நின்றுவிட்டுத்தான் அவர் இறங்கினார்.

அவள் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஈர மண் வாடை, யாரோ தலையில் தடவிய எண்ணெய் வாடை. வேறு ஒன்றும் இல்லை. அவளுக்குப் பயத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது.

டிப்போவிலிருந்து மெக்கானிக் கையில் ஒரு கருவியோடு வந்து கூரையில் ஏறினான். இறங்கி, "ஒரு இணைப்பு லேசா தளர்ந்திருக்கும்மா. வால்வு தானா மூடிக்கிச்சு. கசிவைக் கண்டுபிடிக்கற பெட்டிதான் கத்தினது" என்றான்.

"பெட்டி கெட்டுப்போனா யாரு கத்துவா?"

"ஒண்ணு இல்லம்மா, நாலஞ்சு இருக்கு."

"நாலஞ்சும் உண்மை பேசுமா?"

மெக்கானிக் சிரித்துக்கொண்டே போய்விட்டான். புருஷன் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"முதல் வாரம் பூரா சீட்டுல முதுகே சாயலை" என்றார். "எனக்கே அவ்வளவு பயம். உன் பயத்தையும் சேர்த்துச் சுமக்க முடியாதுன்னுதான் மறைச்சேன்."

"இனிமே சேர்த்தே சுமங்க. நான் வீட்டுல உட்கார்ந்து வேற கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன்."

"என்ன கணக்கு?"

"அது உங்களுக்கு வேண்டாம்" என்றாள். அவர் முகம் வெட்கத்தில் சிவந்ததைப் பார்த்தால் புரிந்துகொண்டுவிட்டார் என்றே தோன்றியது.

வண்டியைச் சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது. அவர் மறுபடி ஓட்டப் போனபோது அவள் தடுக்கவில்லை. ஆனால் டிப்போவில் அந்த மெக்கானிக்குக்கு ஒரு புதுத் தொல்லை சேர்ந்தது. பெட்டிகளை எப்போது சோதித்தார்கள், யார் சோதித்தார்கள் என்று வாரத்துக்கு ஒருமுறை வேலிக்கு வெளியே நின்று விசாரித்துவிட்டுத்தான் அவள் கடையைத் திறக்கப் போவாள்.