ஓபோ இல்லாத ஊரில்

நான் செஞ்சியில் பள்ளி ஆசிரியை. சர்ச்சில் நானும் தங்கை ஸ்டெல்லாவும் வயலின் வாசிப்போம். போன கிறிஸ்துமஸுக்கு, கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதும் சலீம் பாயும் எங்களோடு சேர்ந்தார்.

‘மூவருக்கு’ என்றிருந்த இசைத்தாள் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். கீழே ‘இரண்டு வயலின், ஒரு ஓபோ’ என்று போட்டிருந்தது. ஓபோவும் ஊதுகிற வாத்தியம்தானே, கிளாரினெட் போதும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பண்டிகைக்கு முதல் நாள் ஒத்திகை. முதல் வரியே காதை அரத்தால் ராவியது போலிருந்தது. ஸ்டெல்லா வயலினைக் கீழே வைத்துவிட்டாள்.

சலீம் பாய் தாளை உற்றுப் பார்த்தார். “இது என் வாத்தியத்துக்கு எழுதுனது இல்ல டீச்சர். நான் ‘சி’ ஊதுனா, ஒரு முழு சுரம் எறங்கி உங்களுக்கு ‘பி ஃபிளாட்’டாதான் கேக்கும்.”

“இப்ப இன்னா பாய் பண்றது?”

“ஒவ்வொண்ணையும் ஒரு முழு சுரம் ஏத்தி ஊதுறேன். கல்யாணத்துல பாடுறவங்க சுதிக்கு தெனம் மாத்துறதுதானே.”

மறுநாள் அந்தத் தாளைப் பார்த்தபடியே, அதில் எழுதியிராத சுரங்களை ஒன்றுகூடப் பிசகாமல் ஊதினார். கேட்ட மயக்கத்தில் நான்தான் ஓர் இடத்தில் வாசிக்க மறந்தேன்.

இப்போது வாத்தியப் பட்டியலில் ‘பி ஃபிளாட் கிளாரினெட்’ என்று இருக்கிறதா பார்த்துத்தான் வாங்குகிறேன். சலீம் பாய்க்கு வேலை சுலபமாகிவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்றே தோன்றுகிறது.