தங்கதுரையின் கூடார முளைகள்

தங்கதுரையைப் பற்றிப் பேச்செடுக்கிற எல்லாரும் இன்றைக்கும் முதலில் சொல்வது அவருடைய கண்ணைத்தான். ஓசூர் சிப்காட்டில், பிரேக் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில், பத்தொன்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் உட்கார்ந்த கண் அது. பெட்டியில் நூறு உருப்படி வந்தால் நூறும் ஒன்றைப்போல ஒன்று இருக்க வேண்டும். மூன்று பிசகினால் மொத்தப் பெட்டியும் திரும்பிப் போகும். கல்யாணப் பந்தியில் இலையில் விழுகிற இட்லியைக்கூட ஓரக்கண்ணால் அளப்பார்.

"சாப்பிட வந்தீங்களா, பாஸ் போட வந்தீங்களா?" என்று மனைவி வீரலட்சுமி விலாவில் இடிப்பார்.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் இருவரும். 2007இல் மகள் தர்ஷினி கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாள். வீட்டில் திடீரென்று நிறைய இடம் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஊர்ப் பொங்கலுக்குப் போனதைத் தவிர, புருஷனும் பெண்டாட்டியுமாக எங்கேயும் போனதில்லை என்பது அப்போதுதான் தங்கதுரைக்கு உறைத்தது. கூட வேலை பார்த்த பிரதாப், பெங்களூரில் வாங்கி ஒரே தடவை விரித்த கூடாரத்தை அவரிடம் தள்ளிவிட்டான். இரண்டு பேர் படுக்கலாம். மடித்தால் முதுகுப் பையில் அடங்கும். எடை ஒன்றே முக்கால் கிலோ.

"நீ ஒண்ணும் தூக்க வேணாம் லட்சுமி. கைய வீசிக்கிட்டு நடந்து வா, போதும்."

பேரிகை ஏரிக்கரையில் முதல் வெள்ளோட்டம். கூடாரத்தோடு வந்த முளைகள் சைக்கிள் கம்பி போல மெல்லியவை. நல்லதாக நாலு காற்று அடித்ததும் அத்தனையும் வளைந்து கழன்றன. கூடாரம் எழும்பி, உருண்டு, தக்காளித் தோட்டத்துக்குள் போய் விழுந்தது. தோட்டக்காரர் அதைப் பிடித்து நிறுத்தி, "சார், இது உங்க ஊடா?" என்று கேட்டார்.

வீரலட்சுமி வீடு வரும்வரை சிரித்தார். வந்த பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு தடவ வர்றேன். அதுவும் பறந்துச்சுன்னா இனிமே என்னைக் கூப்பிடக் கூடாது. ஞாயித்துக்கிழமை நான் பாட்டுக்குத் தூங்குவேன்."

வாரத்தில் ஆறு நாள் பாகலூர் சாலையில் ஒரு ரோஜாப் பசுமைக்குடிலில் நின்றபடி வேலை செய்கிறவர் அவர். சொன்னால் சொன்னதுதான். தங்கதுரை கணக்குப் போட்டுப் பார்த்தார். தொலைந்தது ஒரு கூடாரம் என்றால் போகட்டும். மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் அல்லவா போகப் பார்க்கின்றன!

முளை விஷயத்தில் யாரைக் கேட்பது? இழுத்தாலும் வராத முளை வேண்டுமென்றால் மாட்டுச் சந்தைதானே? வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் குந்தாரப்பள்ளிக்குப் போனார். மாட்டு வியாபாரி கங்கப்பன், அந்தக் கம்பி முளையை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மாட்டுக்கா சார், மாட்டுக்காரம்மா மூக்குக்கா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, தங்கதுரை பையிலிருந்து அடுத்ததை எடுத்தார். கட்டட வேலைக்குப் போடும் முறுக்குக் கம்பியில் ஒன்பது அங்குலத் துண்டு. அதை அடித்து ஒரு கிடாரிக் கன்றைக் கட்டினார்கள். கன்று முக்கால் மணி நேரம் முட்டி மோதியது. கம்பி அசையவில்லை. தங்கதுரை மனதுக்குள் பாஸ் போட்டார்.

வீட்டுக்கு வந்து, கூடாரத்துக்கு எட்டும் உதிரிக்கு நாலுமாக அறுத்து எடை பார்த்தால், பன்னிரண்டு கம்பியும் சேர்ந்து ஒன்றே முக்கால் கிலோ. கூடாரத்தைத் தூக்குவதா, முளையைத் தூக்குவதா? அதைவிடப் பெரிய இடி மொட்டை மாடித் தொட்டி மண்ணில் விழுந்தது. கூடாரக் கயிற்றைக் கட்டி மேல்பக்கமாக இழுத்ததும் உருண்டைக் கம்பி வெண்ணெயில் செருகிய கத்தி மாதிரி வந்துவிட்டது. கன்று தரையோடு தரையாக இழுக்கும்; காற்று மேலே தூக்கும். இது தெரியாமல் ஒரு நாள் லீவு போயிற்று. பிறகு அடித்துப் பார்த்த ஆறு அங்குல ஆணிகளும் அதே மாதிரி வழுக்கி வந்துவிட்டன.

அடுத்தது ஜன்னல் செய்கிற பட்டறையில் கழித்துப் போட்ட, 'L' வடிவ அலுமினிய ஆங்கிள். இரண்டு சிறகு உள்ளதால் மண்ணைக் கவ்வியது. துண்டு ஒன்று இருபத்தேழு கிராம். கயிற்றுக்கு எதிர்ப்பக்கம் முளையின் தலையைச் சாய்த்து அடித்து, சுருள்வில் தராசை மாட்டி இழுத்தார். இருபது கிலோ வரை காட்டியும் வரவில்லை. எட்டு முளை அறுத்து, அரம் போட்டு, முனை கூராக்கி, எட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். மயிரிழை வித்தியாசமில்லை. அன்றைக்கு அவர் சாப்பிட்ட ரசம் பாயசமாக இனித்திருக்க வேண்டும்.

சித்திரை மாத ஞாயிறு. தளியில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடந்து, தெரிந்தவரான திம்மப்பனின் மேட்டு நிலத்துக்குப் போனார்கள். முதல் ஐந்து முளை செம்மண்ணில் சுகமாக இறங்கியது. ஆறாவது நாலு அங்குலத்தில் நங் என்றது. அடியில் பாறை. இன்னும் இரண்டு அடி போட்டதும் வளைந்தது. ஏழும் எட்டும் அப்படியே. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"சார், மளெ பர்த்தா இதெ!" என்று திம்மப்பன் அவசரத்தில் கன்னடத்துக்குத் தாவினார். "மழ வருது, சோளக் கொட்டாய்க்கு வந்துடுங்க, அக்காவையும் கூட்டிக்கினு!"

தங்கதுரை வளைந்த மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எட்டுல மூணு போச்சு லட்சுமி. மொத்தமும் ரிஜெக்ட். சுருட்டிருவோம்."

"அப்ப அஞ்சு நல்லாத்தானே இருக்கு?"

"மிச்சத்துக்கு இதே மாதிரி இல்லையே!"

"எதுக்கு இதே மாதிரி? எங்க குடில்ல ஒரு மூலையில பைப்பு, ஒரு மூலையில மணல் மூட்டை, ஒரு மூலையில ஆட்டுக்கல்லு. அது பாட்டுக்கு நிக்குது. மண்ணு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரியா கெடக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் பையைக் கவிழ்த்தார். அதன் அடியில் கிடந்த, சோதனையில் தோற்ற ஆறு அங்குல ஆணிகள் இரண்டும் விழுந்தன. பாறை வெடிப்பு ஒன்றில் ஒரு ஆணியைக் கல்லால் அடித்து இறக்கினார். இன்னொன்றுக்கு வெடிப்பைத் தங்கதுரையே தேடிக் கண்டுபிடித்தார். எட்டாவது கயிற்றை ஒரு குண்டுக்கல்லில் சுற்றி, மேலே இன்னொரு கல்லை ஏற்றினார்கள்.

காற்று வந்தது, பின்னாலேயே ஆலங்கட்டி. உள்ளே இருவரும் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். துணி ஒரு பக்கம் உப்பும், ஒரு பக்கம் ஒடுங்கும். ஒவ்வொரு மொத்துக்கும் தங்கதுரை கண்ணை மூடினார். "முறைக்காதீங்க, அதுவே நிக்கும்" என்றார் வீரலட்சுமி. குண்டுக்கல் ஒரு சாண் நகர்ந்தது. அவ்வளவுதான்.

மழை விட்டதும் தங்கதுரை வெளியே வந்து கூடாரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஐந்து ஆங்கிள், இரண்டு ஆணி, ஒரு கல். அவர் தொழிலில் அதற்கு ஒரே ஒரு சிவப்பு முத்திரைதான் உண்டு.

"என்ன, பாஸா?" என்றார் வீரலட்சுமி உள்ளிருந்து.

"பார்க்கச் சகிக்கல," என்றார் தங்கதுரை. "ஆனா நிக்குது."

வீரலட்சுமி தலையை வெளியே நீட்டி, ஈரத்தில் பளபளத்த எதிர்க் குன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அங்க மண்ணா, கல்லான்னு திம்மப்பன்கிட்ட கேட்டு வைங்க. அடுத்த ஞாயிறு எனக்கு லீவுதான்."