வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிய அழைப்பு

"மார்ச், வெள்ளி. ஐரோப்பா: வெற்றி, 2–1. அழைப்பு மதியம் இரண்டு மணி."

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் தரப்பிரிவு நாட்காட்டியில், என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. வெற்றி பெற்றது ஒரு ஜெர்மன் கால்பந்து கிளப். அழைப்பு, பக்கத்து ஆரணியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பெண்ணின் வேலையைப் பற்றியது.

நாங்கள் ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்கு அலுமினிய பம்ப் உறைகளைக் கடைந்து அனுப்புகிறோம். புதிய உறை எதுவானாலும் அங்கிருக்கும் பொறியாளர் வீடியோவில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அவர் நாற்காலிக்குப் பின்னால், சுவரில், அந்த ஊர் கிளப்பின் கோடுபோட்ட கழுத்துத்துண்டு ஒன்று தொங்கும். அதை முதலில் கவனித்தவர் எங்கள் சூப்பர்வைசர். கிரிக்கெட் தவிர வேறொன்றும் பார்த்தறியாதவர், அன்றிலிருந்து போனில் அந்த கிளப்பின் முடிவுகளைத் தேட ஆரம்பித்தார்.

விசித்திரமான சீசன் அது. சொந்த நாட்டில், பட்டியலின் அடியில் கிடந்த அணிகளிடம்கூட அந்த கிளப் தோற்றது. ஐரோப்பியப் போட்டிக்குப் போனால் பெரிய அணிகளை வீழ்த்தியது. சனிக்கிழமை தோல்விக்குப் பிறகு வந்த திங்களன்று எங்கள் உறை ஒன்று திருப்பி அனுப்பப்பட்டது. ஐரோப்பிய வெற்றிக்கு மறுநாள், சிறு கீறல் இருந்த இன்னொன்று தேறியது. அடுத்த இரண்டு முறையும் அப்படியே நடந்தது. ஐரோப்பிய வெற்றிக்கு மறுநாள்தான் அழைப்பு வைக்க வேண்டும் என்பது சூப்பர்வைசரின் சட்டமாயிற்று. நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். என் குறிப்புகளும் அவர் பக்கமே இருந்தன.

மார்ச்சில் வந்த உறையைக் கடைந்தவள் அந்தப் பெண். ஒப்பந்தத் தொழிலாளி. உறை தேறினால் புதிய லைன் திறக்கும், அதை ஓட்டிப் பழகியவள் என்று அவளை நிரந்தரமாக்குவார்கள். தேறாவிட்டால் மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி ஒரு உறை கடைந்து அனுப்ப நேரமில்லை. அழைப்பு புதன்கிழமைக்கு இருந்தது. சூப்பர்வைசர் ஏதோ காரணம் சொல்லி வெள்ளிக்குத் தள்ளினார்.

"ரிப்போர்ட்டு ரெடியாத்தானே கீது? இன்னாத்துக்குண்ணே வெள்ளிக்கெழம?" என்று கேட்டாள்.

"வியாழன் ராத்திரி மேட்ச் கீதும்மா. ஜெயிச்சா அந்தாளு சிரிச்சிகினு வருவான்."

"அவங்க கோல் போட்டா நான் போட்ட ஓட்டையோட சைஸு மாறிடுமா?"

"உனுக்குப் பந்தும் தெரியாது, மன்சனும் தெரியாது. சும்மா இரு."

"தோத்துட்டா?"

"தோத்துட்டா எனுக்கு வயித்தால போவுது, அடுத்த வாரம் பார்க்கலாம்னு மெயில் போட்டுடுவேன்."

அவள் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் நான் எங்க கீறனோ" என்று மட்டும் சொல்லிவிட்டு மிஷினுக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை கேன்டீனில் நாஷ்டா தட்டைக்கூட வைக்காமல் சூப்பர்வைசர் போனைத் தூக்கிக் காட்டினார். இரண்டுக்கு ஒன்று, வெற்றி. வழக்கமான வெள்ளிக்கிழமை கற்பூரத்தை அன்று அவளுடைய மிஷினுக்கே முதலில் காட்டினார்.

இரண்டு மணிக்குத் திரையில் பொறியாளர் வந்தார். சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "கங்கிராஜுலேஷன்ஸ் சார்! சூப்பர் மேட்ச்!"

பொறியாளர் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: போன வாரம் இதே அணியுடன் நடந்த முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வித்தியாசத்தில் தோல்வி. இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துத்தான் கணக்கு. கிளப் போட்டியிலிருந்து வெளியேறிவிட்டது.

என் நாட்காட்டியில் அந்தத் தோல்வி இல்லை. அழைப்பு இருந்த வாரங்களின் ஆட்டங்களை மட்டுமே குறிப்பது என் வழக்கம்.

சூப்பர்வைசர் மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினார். "பேஜாராப்பூட்ச்சு சார்" என்று உதடு அசையாமல் என்னிடம் சொன்னார்.

உள்பக்கம் தெரிய அறுத்துவைத்த உறையைக் கேமரா அருகே காட்டச் சொன்னார் பொறியாளர். அவள் எடுத்து நீட்டினாள். இன்னும் பக்கத்தில் என்றார். உள்விளிம்பில் ஓர் இடத்தைக் குறிப்பிட்டு, இங்கே உலோகப் பிசிறு ஏன் இல்லை, மற்ற உறைகளில் இருந்ததே என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"கத்தி தேயறதுக்கு முன்னாடியே மாத்திட்டேன் சார். சத்தம் மாறுச்சுன்னா மாத்திடுவேன்" என்றாள்.

அதை மொழிபெயர்த்தேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். நிமிரவில்லை, சிரிக்கவில்லை. திங்களன்று பதில் சொல்வதாகக் கூறித் திரையை அணைத்தார்.

"திங்களா? நடுவுல சனிக்கெழம ஒரு மேட்ச் கீதே!" என்று தலையில் கை வைத்தார் சூப்பர்வைசர்.

"நீ வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்ணே" என்றாள் அவள்.

சனிக்கிழமை சொந்த மைதானத்தில் கிளப் தோற்றது. சூப்பர்வைசர் அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். திங்களன்று காலை அவளே கேட்டாள்: "தோத்துட்டாங்களாமே? என் பையன் போன்ல பார்த்துச் சொன்னான்." அன்று பகல் முழுதும் மிஷினை விட்டு நகரவில்லை. சாப்பாட்டு டப்பாவும் திறக்கப்படவில்லை.

நான்கு மணிக்கு மின்னஞ்சல் வந்தது. ஒப்புதல். ஒரே ஒரு அளவை மட்டும் மறுபடி சரிபார்த்து அனுப்பச் சொல்லியிருந்தார். அதையும் அவளே அளந்தாள். மாதக் கடைசியில் நிரந்தர ஆணை அவள் கைக்கு வந்தது.

ஏப்ரலில் வேறொரு உறைக்காக அழைத்தோம். அதே நாற்காலியில், அதே கழுத்துத்துண்டுக்கு முன்னால், முன்பின் பார்த்திராத ஒரு பெண் பொறியாளர் உட்கார்ந்திருந்தார்.

"அந்தத் துண்டு யாருதுன்னு கேட்டுடட்டுமா சார்?" என்று ஆரணிப் பெண் என் காதில் கிசுகிசுத்தாள்.

"கேட்ட, அவ்ளோதான்" என்றார் சூப்பர்வைசர்.

கேட்கவில்லை. மார்ச்சில் பேசிய பொறியாளருக்குக் கால்பந்து பிடிக்குமா, அந்தத் துண்டு அவருடையதுதானா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.