இனிஷியலோடு ஓர் அழைப்பு

"ஐப்பசி 14, புதன். மாலை 5.40 (நம் நேரம் 3.10). அக்கா இருக்கையில் இல்லை. பை இருக்கிறது. செருப்பு இருக்கிறது."

அன்றைக்கு என் சட்டைப்பை நோட்டில் இருப்பது இவ்வளவுதான். நான் எதற்கும் நாள், கிழமை, மணி குறித்து வைக்கிற ஆள். திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தில் பல வருடம் மெய்ப்புத் திருத்தியவன். ஒரு கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் பிழையாகிப் போனால் என்னவெல்லாம் நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். அதனால் வந்த பழக்கம். இருந்தும் மேலே உள்ள குறிப்புக்குப் பிறகு மூன்று பக்கம் வெற்றாகக் கிடக்கிறது. அந்தப் பக்கங்களில் வந்திருக்க வேண்டியதை இப்போது நினைவிலிருந்து எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஒரே மகள். கட்டிக் கொடுத்த இடத்தில் வேலை கிடைத்து, கடல் தாண்டித் தெற்கே வெகுதூரத்தில் இருக்கிறாள். முதல் பிரசவம் நல்லபடியாக முடியவில்லை. பிள்ளை தங்கவில்லை. இந்த முறை டாக்டர் முன்கூட்டியே நாள் குறித்துவிட்டார்: வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆபரேஷன். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, கரைக்கு வர இன்னும் ஒரு மாதம். "நீ வந்து நின்னாத்தாம்மா நான் உள்ள போவேன்" என்று மகள் போனில் அழுதாள். அக்கா ரெட்டியார்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயும் தனியாகப் போனதில்லை. நான் துணைக்குப் போனேன். புதன் காலை மதுரையில் ஏறி, வழியில் ஒரு பெரிய பன்னாட்டு விமான நிலையத்தில் விமானம் மாறி, வியாழன் விடிகாலை அங்கே இறங்குவதாக ஏற்பாடு.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அதில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஓர் எழுத்து இனிஷியல்தான். அக்காவுக்கு அதுவும் இரண்டு: பள்ளிக்கூடச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து, ரேஷன் கார்டில் அவள் கணவர், என் மச்சானின் எழுத்து. நான் ரேஷன் கார்டைப் பார்த்து, குடும்பப் பெயர்க் கட்டத்தில் மச்சானின் முழுப் பெயரை அடித்தேன். மச்சான் இறந்து ஆறு வருடமாகிறது. விமானச் சீட்டு வந்தபோது அவர் பெயர் முதலில் இருந்தது. ஒரு சாய்கோட்டுக்குப் பின்னால் அக்காவின் பெயர், கடைசி இரண்டு எழுத்து இல்லாமல்.

அக்கா அந்தப் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. அது ஒரு சாமியின் பெயர். அந்தச் சாமியின் கோவிலுக்குப் போனாலும் "அப்பனே" என்றுதான் கும்பிடுவாள். ஊரில் அதே பெயரில் இன்னொருவர் இருந்ததால் மச்சானை எல்லோரும் இனிஷியலோடு சேர்த்தே கூப்பிடுவார்கள். பூ மார்க்கெட்டில் அவருடைய செவ்வந்தி மூட்டைக்கு ஏலம் வரும்போது கமிஷன் கடை மைக்கிலும் அப்படித்தான். அந்த இனிஷியலும் பெயரும் ஒரே மூச்சில் வரும்.

போகிற இடத்தைப் பற்றிப் படித்துவிட்டுப் போவது என் வழக்கம். அந்த விமான நிலையத்துக்காக ஒரு நோட்டில் நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். கடலை மண்ணால் தூர்த்து எடுத்த நிலம் அது. முதல் ஓடுபாதை போட்டபோது மண் இறுகட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். முதல் முனையம் எந்த வருடம், முனையங்களுக்கு நடுவே ஓடும் ரயில் எந்த வருடம், எல்லாம் என்னிடம் இருக்கிறது. வருடத்தைச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும் என்பதால் இங்கே விடுகிறேன். உள்ளே தோட்டம் உண்டு, குளியலறை உண்டு, எல்லா மதத்துக்கும் பொதுவாக ஒரு தொழுகை அறை உண்டு. ஆனால் நான் அடிக்கோடு போட்டு வைத்திருந்தது வேறொன்று: அங்கே ஒலிபெருக்கியில் பயணிகளைக் கூப்பிட மாட்டார்கள். சத்தமில்லாத நிலையம் என்பது அவர்கள் கொள்கை. எல்லாவற்றையும் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இறங்கியதுமே அது புரிந்தது. அத்தனை ஆயிரம் பேர் நடக்கிறார்கள், காலடிச் சத்தம் இல்லை. தரை முழுக்க மெத்தென்ற கம்பளம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. யாருக்கும் நிழலும் விழவில்லை. அக்கா சற்று நேரம் தரையையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"ஏண்டா தம்பி, இம்புட்டுச் சனம் இருக்கு, ஒரு பிள்ளைகூட அழுகலையே?"

"அழுதாலும் கேக்காதுக்கா. கம்பளம் இழுத்துக்கும்."

"நல்லா இழுத்துச்சு. எழவு வீட்டுல வெளிய உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

எங்கள் விமானத்துக்கு ஏறும் வாசலுக்கு எதிரே அவளை உட்கார வைத்தேன். அடுத்த விமானம் 6.25க்கு. "இங்க பேர் சொல்லிக் கூப்புட மாட்டாங்க. நான் வர்ற வரைக்கும் எந்திரிக்காத" என்று இரண்டு முறை சொன்னேன். பழைய முனையத்தின் திறப்பு விழாக் கல்வெட்டு இன்னும் இருக்கிறது என்று படித்திருந்தேன். அதில் உள்ள தேதியை என் நோட்டோடு ஒப்பிட ஆசை. "போ, போ. கல்லைப் பாக்கலைன்னா உனக்குத் தூக்கம் வராது" என்றாள் அக்கா. செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

கல்வெட்டு கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோதுதான் அந்தக் குறிப்பை எழுதினேன்.

செருப்பு இரண்டும் ஒழுங்காகச் சேர்ந்திருந்தன. கழிப்பறையில் இல்லை. தொழுகை அறையில் ஒருவர் மட்டும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நகரும் நடைபாதையில் ஆட்கள் நின்ற நிலையிலேயே என்னைக் கடந்து போனார்கள், யார் முகமும் திரும்பவில்லை. கடைசியில், வாசல்களின் எண் முடிகிற இடத்துக்கும் அப்பால், மரப்பலகை வைத்து மறைத்திருந்த பகுதிக்குள் அவளைக் கண்டேன். அங்கே விளக்கு பாதிதான் எரிந்தது. இருக்கைகளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் வெறுங்காலோடு நின்று, விமானத்துக்குப் போகும் அந்தக் குழாய் மாதிரியான வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி, சாதாரணமாக.

"அக்கா!"

"சத்தம் போடாத. கூப்புட்டாக."

"யாரை?"

"உங்க மச்சானை."

சீட்டில் உள்ள பெயர் உடனே ஞாபகம் வந்தது. "அது உன்னைத்தான்க்கா. உன் சீட்டுல அவுக பேருதான் முதல்ல இருக்கு. வாசல்ல யாரோ அந்தப் பேரைப் படிச்சிருப்பாக."

"வாசல்லருந்து வரல. தலைக்கு மேலருந்து வந்துச்சு. மார்க்கெட் மைக்கு மாதிரி கரகரன்னு." கதவை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள். "ரெண்டாந்தரம் கூப்புடறப்ப சத்தம் இந்தப் பக்கமா நகந்துச்சு. பின்னாடியே வந்தேன்."

"சரி, பேரைத்தானே..."

"இனிஷியலோட கூப்புட்டாகடா. வெறும் பேரைச் சொல்லியிருந்தா நான் எந்திரிச்சிருக்கவே மாட்டேன். அந்தப் பேருல நம்ம ஊருலயே ரெண்டு பேரு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தேன். எங்கள் வாசலுக்கு வந்தபோது வரிசை முடிந்துவிட்டது. கடைசி ஆட்களாக நாங்கள் இருவர். சீட்டு வாங்கிப் பார்த்த பெண்ணுக்குத் தமிழ் தெரியும். அக்காவின் வெறுங்காலையும் என் கையில் இருந்த செருப்பையும் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டாள்: "அம்மா, இந்தப் பேர் உங்களோடதுதானே?" மச்சானின் பெயரை முழுதாகப் படித்தாள்.

"இல்லத்தா" என்றாள் அக்கா. "அது அவுக பேரு."

அந்தப் பெண்ணின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மறுபடியும் கேட்டாள். நான் குறுக்கே விழுந்து விளக்கினேன். கணவர் பெயர், எங்கள் ஊர் வழக்கம், கட்டத்தை நிரப்பியது நான். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். "சார், அவங்க சொல்லணும்."

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா. பிள்ளை அங்க தனியாக் கெடக்கு."

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். "அவுக பேருக்கு நான் ஆமாங்கிறதா? கூப்புட்டது அவுகளை. இப்ப நான் ஆமான்னுட்டா, அவுக இடத்துல நான் ஏறிட்டேன்னு ஆயிரும். அவுக எதுல வருவாக?"

மேலதிகாரியைக் கூப்பிட்டார்கள். தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். கைரேகை, படம், நான் கொண்டுபோயிருந்த ரேஷன் கார்டு நகல் எல்லாம் பார்த்து, யார் மேலும் தப்பில்லை என்று சிரித்தபடி அனுப்பி வைத்தபோது விமானம் போய்விட்டிருந்தது. மறுநாள் காலை விமானத்தில் இடம் கொடுத்தார்கள். அன்று இரவு முழுவதும் அங்கேயே இருந்தோம். எந்த ஒலிபெருக்கியும் எந்தப் பெயரையும் கூப்பிடவில்லை. நான் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் அந்த விமானத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. நேரத்துக்குப் பத்திரமாகப் போய் இறங்கியது. அக்கா மட்டும்தான் அதில் இல்லை.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது வியாழன் இரவு ஏழரை. பெண் குழந்தை, காலை 11.52. தாயும் பிள்ளையும் நலம். மகள் அரை மணி நேரம் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். அதற்கு மேல் அவர்களால் காத்திருக்க முடியவில்லை. தனியாகத்தான் உள்ளே போனாள். அக்கா தொட்டிலுக்குப் பக்கத்தில் போனபோது மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்று நாள் தாயிடம் பேசவில்லை. நான்காம் நாள் என்னைத்தான் கேட்டாள்.

"மாமா, நிசமாச் சொல்லுங்க. அம்மா ஏன் ஏறல?"

சொன்னேன். இனிஷியல் வரைக்கும் சொன்னேன்.

"அந்த எழுத்து பாஸ்போர்ட்ல இருக்கா?"

"இல்ல."

"டிக்கெட்ல?"

"இல்லத்தா. பாத்துட்டேன்."

"வேற எங்கயாச்சும் நீங்க அடிச்சிருப்பீங்க. தேடிப் பாருங்க. நீங்க அடிச்சது அந்தக் கம்ப்யூட்டர்ல போயி, அதுவே படிச்சதுன்னா, ஒரு மிசின் கூப்புட்டதுக்கு அம்மா என்னை விட்டுட்டு நின்னுருக்கு. அதை என்னால மன்னிக்க முடியாது. நீங்க அடிக்கலைன்னா..." குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள். "அப்பா கூப்புடறதைக் கேட்டு நின்னுச்சுன்னா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஊருக்கு வந்ததும் விமான நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் ஐந்து வாரத்தில் வந்தது. அந்த முனையத்தில் பயணிகளைப் பெயர் சொல்லி ஒலிபெருக்கியில் அழைப்பதில்லை. வாசலில் உள்ள ஊழியர், காத்திருப்பவர்களிடம் நேரில் வாயால் பெயரைக் கேட்கக்கூடும், ஆனால் பட்டியலில் உள்ளபடிதான். நான் குறிப்பிட்ட மூடிய பகுதியில் வேலை நடந்துகொண்டிருந்தது, அங்கே ஒலிபெருக்கிகளின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. இவ்வளவும் கனிவான நடையில் எழுதியிருந்தார்கள்.

என்னிடம் உள்ள தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பாஸ்போர்ட், சீட்டு, காப்பீடு, மருத்துவமனையின் கடிதம். எதிலும் அந்த எழுத்து இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, விசா விண்ணப்பம். அதில் கணவரைப் பற்றி ஒரு பக்கம் உண்டு. பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. அந்தப் பக்கத்தை நான் அடித்தது ஞாபகம் இருக்கிறது. இறந்த தேதியைச் சான்றிதழோடு ஒப்பிட்டு இரண்டு முறை சரிபார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. பெயரைச் சரிபார்த்தது ஞாபகம் இல்லை. அவ்வளவு பழகிய பெயர். நகல் எடுத்து வைக்கவில்லை. விசா கிடைத்த பிறகு, விண்ணப்பித்த அந்த இணையக் கணக்கு திறக்கவில்லை. பழைய விண்ணப்பத்தைக் கேட்டு அந்த நாட்டு அலுவலகத்துக்கு எழுதியதற்கு, விண்ணப்பதாரரே கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. படிவத்தை அக்காவிடம் கொண்டுபோனேன். பூப்பறித்துக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தாள். அதில் மச்சானின் பெயரில் தொடங்கும் தன் முழுப் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

"இதைத் தெரிஞ்சு என்னடா ஆகப் போகுது?" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

மகள் ஞாயிறுதோறும் எனக்குப் போன் செய்கிறாள். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. அம்மாவோடு பேசுகிறாள், ஆனால் குழந்தையை போனில் காட்டுவதில்லை. "பாத்தீங்களா மாமா?" என்று மட்டும் கேட்கிறாள். இன்னும் இல்லை என்கிறேன்.

விசா விண்ணப்பத்தில் கணவர் பெயர்க் கட்டத்தில் நான் இனிஷியலை அடித்தேனா இல்லையா என்பது, இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.