குவாட்டர்பேக்குக்குப் பின்னால் மூன்று கதிரைகள்

எங்கள் பெண்கள் அணிக்கு நம்பகமான ஆதரவாளர்கள் மொத்தம் மூன்று பேர். நான், என் கணவர், பக்கத்துத் தெருவில் இருக்கும் மலேசியா நண்பர். மற்றப் பெண்களின் வீட்டு ஆட்கள் வெயில் எறித்தால் வருவார்கள், தூறினால் காருக்குள் இருந்துவிடுவார்கள். நாங்கள் மூவரும் மடக்குக் கதிரை, பிளாஸ்க், ரோல்ஸ் பெட்டி சகிதம் எந்த மழைக்கும் ஆஜர். அதனால் அந்த அணியே எங்களுடைய சொத்து என்ற எண்ணம் எங்களுக்கு வந்துவிட்டது. மூன்று பேரில் வாய் கூடினவள் நான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆட்டம் அமெரிக்கக் கால்பந்து. ஆனால் முட்டி மோதி விழுத்துகிற வகை இல்லை. இடுப்பில் தொங்கும் நாடாவை எதிரணி உருவிவிட்டால் பந்தோடு ஓடுகிறவள் நின்றுவிட வேண்டும். பக்கத்துக்கு ஐந்து பெண்கள். அந்த ஐவரில் பந்தை எறிகிறவள்தான் குவாட்டர்பேக். மற்றவர்கள் எங்கே ஓட வேண்டும் என்று சொல்கிறவளும் அவளே. எங்கள் குவாட்டர்பேக் என் கணவரின் தங்கை, எனக்கு மச்சாள். முப்பத்தொன்பது வயது, ஒரு மருத்துவமனையில் மருந்தாளர், இந்தச் சட்டன் ஊரில் எங்களோடுதான் இருக்கிறாள்.

பதின்மூன்று வயதில் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவள். அண்ணன் பெட்ரோல் நிலையத்தில் இரட்டை ஷிப்ட் செய்து படிப்பித்தார். என்ன படிக்க வேண்டும் என்று அவர் சொன்னார், அவள் படித்தாள். எங்கே வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்னார், விண்ணப்பித்தாள். மூன்று இடத்தில் கலியாணம் பேசினோம். மூன்றும் சரிவரவில்லை, நாங்களே பேச்சை விட்டோம். "தேத்தண்ணி போடட்டே" என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் அவள் குரல் எழுந்து நான் கேட்டதில்லை.

அதனால்தான் முதல்முறை மைதானத்தில் அவளைப் பார்த்தபோது வாய் பிளந்து நின்றேன். நான்கு பெண்கள் அவளைச் சுற்றிக் குனிந்து, மூச்சு விடாமல் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் விரலை நீட்டிப் பேசினாள். ஒருத்தி ஏதோ சொல்ல வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினாள். என் மச்சாள்! வீட்டில் தொலைக்காட்சி சானலை மாற்றக்கூட அனுமதி கேட்கிறவள்! அன்றைக்கு எனக்கு அவள்மேல் வந்த மரியாதை இன்றுவரை இறங்கவில்லை.

இன்னொன்றும் செய்திருந்தாள். கூடிப் பேசி முடித்து வரிசையில் நின்ற பிறகு, எதிரணி நிற்கிற விதத்தைப் பார்த்துக் கடைசி நொடியில் திட்டத்தை மாற்றுவது அவளுடைய கெட்டித்தனம். அதை எதிரணிக்குப் புரியாமல் சொல்லத் தமிழ்ச் சொற்களை வைத்திருந்தாள். இடம், வலம், நடு, ஆழம். மலேசியா நண்பரின் மனைவி அணியில் பந்து பிடிக்கிறவள், அவளுக்கு அது பிரச்சினையே இல்லை. மற்ற மூவரான கானாக்காரியும் இங்கிலீஷ்காரிகள் இருவரும் ஒரு கிழமையில் பாடமாக்கினார்கள். "வலம்!" என்று அவள் கத்த, கானாக்காரி வலப்பக்கம் பறப்பதைப் பார்க்க எனக்கு ரோமம் சிலிர்க்கும்.

அப்படிப்பட்டவள்தான் போன பருவத்தின் கடைசி ஆட்டத்தில் கவிழ்ந்தாள். அவள் எறிந்த பந்துகளில் ஐந்தை எதிரணிப் பெண்கள் நடுவில் புகுந்து பறித்துக்கொண்டார்கள். தோற்றோம். பயிற்சியாளர் நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பானவர். வசந்தத்தில் ஒரு நட்பு ஆட்டம் வைப்பதாகவும், மச்சாளும் புதிதாகச் சேர்ந்த போலந்துப் பெண்ணும் ஆளுக்குப் பாதி எறிய வேண்டும் என்றும், அதைப் பார்த்துத்தான் இந்த வருடக் குவாட்டர்பேக் யாரென்று சொல்வேன் என்றும் அறிவித்தார். முப்பத்தொன்பதில் கைவிட்டுப் போகிற இடம் நாற்பதில் திரும்பி வராது. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இனி ஆட்டமில்லாத அந்தக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிறு பின்னேரம் தவறாமல் எங்கள் வரவேற்பறையில் சபை கூடியது. நண்பர் மடிக்கணினியோடு வருவார். என் கணவர் நடுச் சோபாவில் இருப்பார். நான் கட்லட்டைப் பொரித்து வைத்துவிட்டு வந்து என் வாயைத் திறப்பேன். போலந்துப் பெண்ணுக்கு வயது இருபத்து நாலு, உயரம் ஆறடிக்குக் கிட்ட, எறிந்தால் பந்து மறுகோடிக்குப் போகும். கிங்ஸ்பரிப் பக்கம் நன்றாக எறிகிற ஒருத்தி இருப்பதாகவும் அணி மாறி வரக்கூடும் என்றும் நண்பர் ஒரு கதை கொண்டுவந்தார். அவளை எங்களில் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் மூவரில் அவளே சிறந்தவள் என்று இரண்டு ஞாயிறு பேசினோம். பார்க்காத மாப்பிள்ளையில் யார் குறை கண்டார்கள்?

"கணக்கு போட்டு வச்சிருக்கேன் லா," என்பார் நண்பர். "போலந்துப் பொண்ணு எறியுற தூரம் இவங்களைவிட ஒன்றரை மடங்கு. ஆமா, அனுபவம் இல்ல. ஆனா அனுபவம் வரும், உயரம் வராது."

"தங்கச்சிக்குத் தோள்மூட்டும் நோகுது," என்பார் என் கணவர். "வயசும் போட்டுது. மரியாதையா விலகிறது நல்லம்."

"ஐஞ்சு பந்து!" என்பேன் நான். "ஒண்டில்லை, ரெண்டில்லை. ஐஞ்சு!"

இதெல்லாம் அவளுக்குக் கேட்காமல் பேசியதென்று நினைக்க வேண்டாம். அவள் அதே அறையில் தேத்தண்ணித் தட்டோடு நிற்பாள். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். சொந்தக்காரரின் விடயத்தை அவர் முன்னாலேயே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வயதென்ன உயரமென்ன என்று அலசுவோம். இதே அறையில், இதே சோபாவில் இருந்துதான் அவளுக்குக் கலியாணமும் பேசினோம். அப்போதும் அவள்தான் தட்டேந்தி வந்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மங்களாக நாங்கள் இருந்திருக்கிறோம். கூடுதலாகச் சத்தம் போட்டவள் நான். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

நட்பு ஆட்டத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. நண்பர் கடைசி ஆட்டத்தின் வீடியோவைப் பெரிய திரையில் போட்டார். அவர் எப்போதும் கேமராவை மைதானத்தின் எதிர்முனையில் ஒரு தாங்கியில் பூட்டிவிட்டு, எங்களோடு வந்து இருந்துவிடுவார். மச்சாளின் கை எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பதைக் காட்டத்தான் அன்றைக்குப் போட்டார். அவள் வேலைக்குப் போயிருந்தாள்.

நான் திரையில் என்னைத் தேடினேன். எந்தப் படத்திலும் முதலில் என்னைத் தேடுவது என் சுபாவம். மச்சாளுக்கு நேர் பின்னால், கோட்டுக்கு வெளியே, எங்கள் மூன்று கதிரைகள் தெரிந்தன. "பிள்ளைக்கு முதுகுக்குப் பின்னால ஆக்கள் இருக்க வேணும்" என்று சொல்லி அங்கே போட வைத்தவர் என் கணவர். திரையில் மச்சாள் "இடம்!" என்று கத்தினாள். பந்து இன்னும் அசையவில்லை. பந்தைப் பிடிப்பதைக் கிட்ட நின்று படம் எடுக்க, என் கணவர் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் ஓடத் தொடங்கினார். நண்பர் பின்னால் ஓடினார். நான் கதிரையையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். மச்சாளைப் பார்த்தபடி நின்ற எதிரணிப் பெண்கள் இருவர் எங்களைப் பார்த்துவிட்டு, ஒருவருக்கொருவர் தலையாட்டி, அதே பக்கம் நகர்ந்து நின்றார்கள். பந்து போய் அவர்கள் கையில் விழுந்தது.

"திருப்பிப் போடுங்கோ," என்றேன்.

ஐந்து பந்தையும் போடச் சொன்னேன். ஐந்திலும் நாங்கள் முந்திக்கொண்டு ஓடினோம். மைதானம் முழுவதிலும் அந்தச் சொற்களின் பொருள் தெரிந்த வெளியாட்கள் நாங்கள் மூன்று பேர். எல்லாவற்றையும் ஓடிக் காட்டிக் கொடுத்தவர்களும் நாங்கள்தான். ஆனால் என் கணவர் அந்த நேரம் வாசலில் பார்சல்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். நண்பரோ பந்தைத் தவிர வேறொன்றையும் பார்க்காதவர். "பார்த்தீங்களா, கை எவ்ளோ தாழ்ந்திருச்சு," என்றார். அந்த வீட்டில் நான் பதில் சொல்லாமல் இருந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அவள் வேலை முடிந்து வந்ததும் குசினிக்குள் வைத்துக் கேட்டேன்.

"அந்த ஐஞ்சு பந்தும் எங்களாலதான் போனது. உமக்குத் தெரியுமே?"

கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. "ஓம் மச்சாள்."

"எப்ப தெரியும்?"

"ரெண்டாவது பந்திலயே. அவையின்ர கண் என்னில இல்லை, எனக்குப் பின்னால இருந்தது. திரும்பிப் பாத்தன். அண்ணை ஓடிக்கொண்டிருந்தார்."

"அப்ப சொல்லை மாத்தியிருக்கலாமே!"

"ஏன் மாத்திறன் எண்டு மற்றவைக்குச் சொல்ல வேணும். சொன்னால் கோச் உங்களை எழுப்பி அனுப்பியிருப்பார்."

"அனுப்பட்டுமே! இந்தக் குளிர் முழுக்க உம்மை எவ்வளவு கதைச்சம். நான் எவ்வளவு கதைச்சன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதே?"

அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள். "பள்ளிக்கூடத்தில பரிசு தரேக்கையும் அண்ணை வரேல்லை, பட்டமளிப்புக்கும் வரேல்லை. எல்லாத்துக்கும் ஷிப்ட். அவர் எனக்காக ஓரிடத்தில வந்து இருக்கிறது இந்த ரெண்டு வருஷமாத்தான். தன்னாலதான் தோத்தது எண்டு தெரிஞ்சால் இனி வரமாட்டார். அவரைத் தெரியும்தானே. சொல்லிப்போடாதேங்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சொல்லைக் கேட்க நான்கு பெண்கள் குனிந்து நிற்கிற ஒரே இடம் அந்த மைதானம். அதை அண்ணன் உட்காருகிற ஒரு மடக்குக் கதிரைக்காக விட்டுக்கொடுக்கத் துணிந்திருந்தாள். நானாக இருந்தால் முதல் பந்திலேயே திரும்பி நின்று மூன்று பேரையும் கிழித்திருப்பேன். இப்படியொரு நெஞ்சு எனக்கு ஏழு பிறவிக்கும் வாய்க்காது.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் வயிற்றில் இரகசியம் தங்காது என்பது ஊரறிந்த விடயம். நான்கு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் விம்பிள்டன் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது காருக்குள் வைத்து என் கணவரிடம் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடப் பரிசையும் பட்டமளிப்பையும் சேர்த்தே சொன்னேன். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் அப்படியே இருந்தார். நான் உள்ளே போய்ப் போட்டு வைத்த சோறு ஆறிய பிறகுதான் வந்தார்.

நட்பு ஆட்டம் அந்த ஐந்து பந்தையும் பறித்த அதே அணியோடு. மைதானம் ட்ராம் பாதையை ஒட்டியது. என் கணவர் வழக்கமான இடத்தில் மூன்று கதிரையையும் விரித்தார். பிறகு தன் கதிரையைத் தூக்கி, ட்ராம் பாதையைப் பார்க்கத் திருப்பி வைத்து, மைதானத்துக்கு முதுகு காட்டி இருந்தார்.

"என்னண்ணே, ட்ராம் பார்க்கவா வந்தீங்க?" என்றார் நண்பர். நான் அவருக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. தன் கதிரையையும் திருப்பினார்.

"நீ பார்," என்றார் என் கணவர் என்னிடம். "ஆனால் கல்லு மாதிரி இருக்க வேணும். என்ன நடக்குதெண்டும் எனக்குச் சொல்லாதை. கேட்டால் கால் நிக்காது."

முதல் பாதி போலந்துப் பெண்ணுடையது. பொய் சொல்ல மாட்டேன், அழகாக எறிந்தாள். இரண்டு தடவை பந்து வானத்தில் ஏறி இறங்கி, நண்பரின் மனைவியின் கைக்குள் விழுந்தது. எங்கள் அணி முன்னிலையில் இருந்தது. இடைவேளையில் மச்சாள் நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தாள். இரண்டு முதுகுகளைக் கண்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவளுடைய பாதி தொடங்கியது. எதிரணிப் பெண்கள் அவளைத் தாண்டி எங்களைத் தேடுவதை நான் கண்ணாரக் கண்டேன். அங்கே இரண்டு முதுகும் ஒரு கல்லும் இருந்தன. "இடம்!" என்று அவள் கத்தியபோது என் கணவரின் கால்கள் எழுந்து ஓடப் பார்த்தன. இரண்டு கையாலும் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவள் எறிந்தது குறுகிய பந்துதான், ஆனால் கானாக்காரி போய்ச் சேரும் முன்பே அங்கே போய்க் காத்திருந்தது. வலம். நடு. மறுபடியும் வலம். எதிரணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எங்கள் பெண்கள் நான்கு தடவை கோட்டைக் கடந்து புள்ளி எடுத்தார்கள். ஒரு பந்தும் பறிபோகவில்லை. ஒவ்வொரு ஆரவாரத்துக்கும் என் கணவரின் கழுத்து திரும்பப் பார்த்தது, அவர் திரும்பவில்லை. கன்னத்தால் கண்ணீர் வழிந்து சட்டைக் கழுத்தை நனைத்தது. நான் கல்லாகவே இருந்தேன்.

பயிற்சியாளர் அதிக நேரம் எடுக்கவில்லை. எல்லோரையும் கூட்டி வைத்து, மச்சாளின் தோளைத் தட்டினார். அவளை முதலில் கட்டிப்பிடித்தவள் போலந்துப் பெண்தான். இருவரும் தலையை முட்டிக்கொண்டு ஏதோ பேசினார்கள். மற்ற நால்வரும் சேர்ந்துகொண்டார்கள். மச்சாள் கேட்டாள், போலந்துப் பெண் சொன்னாள், எல்லோரும் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பிறகு மச்சாள் எங்களிடம் வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், வாக்கைக் காப்பாற்றாதவள் என்று. அண்ணனுக்கு முன்னால் போய், ட்ராம் பாதையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, கதிரையைத் திருப்புங்கோ."

"வேண்டாம் பிள்ளை. நான் இப்பிடியே இருக்கிறன். எனக்குக் கேக்குது, அது காணும்."

"சொல்லெல்லாத்தையும் மாத்தியாச்சு. இனிப் போலந்துச் சொல்லு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எனக்கு ஒண்டும் விளங்காதே?"

"விளங்காது அண்ணை," என்றாள் மச்சாள். மைதானத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னாள். "விளங்காமல் இருந்து பாருங்கோ."

அவர் எழுந்து கதிரையைத் திருப்பினார்.