கம்பஸ் மாறிய றஹீமா

காலையில் வேலைக்குப் புறப்படும்போது றஹீமாவின் கணவர், நான் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் நளீமின் அழைப்பு வந்தது. "தங்கச்சி, றஹீமா மவுத்தாகிட்டா. அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." சாய்ந்தமருதில் அவர்கள் வீட்டைப் போய்ச் சேரும்வரை எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

கல்முனையில் ஒரே வங்கிக் கிளையில் எனக்கும் றஹீமாவுக்கும் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இருவருக்கும் பட்டம் இருந்தது, கிளாஸ் இல்லை; வெறும் சாதாரண சித்திதான். யாராவது கேட்டால் நான் பரீட்சை நேரம் காய்ச்சல் என்பேன். றஹீமா, "படிக்கல்ல, அதான் வரல்ல" என்பாள். கேட்டவர்தான் சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றுவார்.

முகாமையாளராக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கு நல்ல இடத்து எம்.பி.ஏ. தேவை. கொழும்பில் அவள் விரும்பிய பல்கலைக்கழகக் கம்பஸோ கிளாஸ் இல்லாதவர்களை நேரே எடுப்பதில்லை. ஆனால் வேறிடத்தில் முதல் வருடத்தை நன்றாக முடித்தவர்கள் மாறி வரலாம் என்று இருந்தது. கல்முனையிலேயே ஒரு தனியார் நிறுவனத்தின் வார இறுதி வகுப்பில் சேர்ந்தாள். முதல் வருடம் எல்லாப் பாடத்திலும் ஏ.

"பாதியில ஏன் மாறுற? இங்கயே முடியன்," என்றார் நளீம் காக்கா.

"நீங்க உங்கட உம்மாட வீட்ட விட்டுப்போட்டு எங்கட வீட்டுக்கு மாறி வந்தீங்கதானே. நல்லாத்தானே இரிக்கீங்க?"

எங்கள் கிழக்குக் கரையில் கலியாணம் முடித்த ஆண்கள் மனைவி வீட்டுக்குத்தான் போவார்கள். அவர் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு இடம் பதியப் போய்விட்டார்.

கொழும்பில் நேர்முகத்துக்கு நானும் துணைக்குப் போய் வெளியே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும் வழியில்தான் நடந்ததைச் சொன்னாள். நேர்முகக் குழுவின் தலைவர் அவளுடைய பழைய பட்டப் பெறுபேற்றைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று கேட்டாராம்.

"அது படிக்காத றஹீமா சேர், மத்தக் கடதாசில இரிக்கிறது படிச்ச றஹீமா. எடுக்கிறதெண்டா ரெண்டு பேரையும் எடுக்கணும் எண்டன்."

"இப்பிடியா புள்ள சொன்ன?"

"இங்கிலீசில சொன்னன்."

அவளை அறிந்தவர்களுக்கு அந்த நேரத்துச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

இடம் கிடைத்தது. இங்கே படித்ததில் மூன்று பாடங்களை அங்கே ஏற்கவில்லை. "பரவால்ல, ரெண்டாந்தரம் படிக்கிறது எனக்குப் புதுசா?" என்று திரும்பப் படித்தாள். முகாமையாளராகவும் ஆனாள். நோய் வந்து படுக்கும்வரை அந்தக் கதிரையில் சந்தோஷமாக இருந்தாள். ஆசைப்பட்டது கிடைத்து, அதை அனுபவித்துவிட்டுப் போனவள் என்பதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

அடக்கம் முடிந்து வந்த நளீம் காக்கா வாசலில் நின்று, "அவட வீட்டுக்கு நான் மாறி வந்தன். இப்ப அவ போயிட்டா, நான் இங்க இரிக்கன்," என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நான் பிள்ளைகளோடு இழுபட்டு, இப்போதுதான் றஹீமா படித்த அதே வார இறுதி வகுப்பின் முதல் வருடத்தை முடித்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டதும், "கொழும்புக்கு அப்ளிகேசன் போட்டயா புள்ள?" என்றுதான். ஓம் என்றேன். என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அடுத்த கிழமை எனக்கு நேர்முகம். என்னுடைய பழைய பெறுபேற்றையும் தூக்கிப் பிடித்துக் கேட்பார்கள். காய்ச்சல் கதையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். றஹீமாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கும் பதில் ஒன்று இருக்கிறது. படிக்கல்ல, அதான் வரல்ல. இங்கிலீசில் சொல்வேன்.